காலேஜ் மாறணும் சார்! - வரலாறு படிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்: இருக்கிற கல்லூரியை விட்டு வேறு இடத்துக்குப் போவது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன் சார். எங்கள் கல்லூரியில் லைப்ரரி சின்னது, வகுப்பும் சரியாக நடப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் டிகிரிக்கு மதிப்பு என்று சென்னையில் வேலை பார்க்கும் என் மாமா சொல்கிறார். மூன்றாம் ஆண்டுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள முடியுமா? இதுவரை வாங்கிய மார்க் கூடவே வருமா?
(ஒரு மாணவர், பென்னாகரம்)

பதில்: மாமா நல்லதுக்குத்தான் சொல்கிறார் தம்பி, ஆனால் பாதிதான் சரி. நீங்கள் இப்போதே பல்கலைக்கழக மாணவர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் நான்கு மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளும் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, உங்கள் பட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். தொப்பூர் கணவாய் இறங்கி ஓமலூர் தாண்டிப் போகும்போது கருப்பூரில் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது, நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் வளாகத்துக்குள் நடப்பது பெரும்பாலும் எம்.ஏ.வும் பிஎச்.டி.யும்தான். பி.ஏ. என்பது இணைப்புக் கல்லூரிகளின் சமாச்சாரம். ஆகவே நீங்கள் மூன்றாம் ஆண்டுக்குச் சென்னை போனாலும் சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவதில்லை, நகரத்தில் இருக்கும் இன்னொரு இணைப்புக் கல்லூரியில்தான் உட்காருவீர்கள், அங்கேயும் லைப்ரரி சின்னதாக இருக்கலாம், ஹாஸ்டல் செலவு மட்டும் நிச்சயமாகப் பெரிதாக இருக்கும்.

முடியுமா என்றால், ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுவது நடக்கிற காரியம். வேறு பல்கலைக்கழகத்துக்கு, அதுவும் கடைசி ஆண்டில், மாறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். காரணம் மதிப்பு, மரியாதை எதுவும் இல்லை, வெறும் கணக்குதான். 2021-இல் யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ஏபிசி, அதாவது ஒவ்வொரு தாளிலும் தேறினால் கிடைக்கும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் வங்கி, அதன் விதிப்படி பட்டம் கொடுக்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். ஆறு செமஸ்டரில் நான்கை இங்கே முடித்துவிட்டீர்கள். மிச்சம் இரண்டு. பாதி வராது. டிஜிலாக்கரில் ஏபிசி ஐடி இருக்கிறதே, மார்க் தானாகவே போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஐடி நீங்கள் என்ன படித்தீர்கள் என்பதைக் காட்டும், அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது போய்ச் சேரும் பல்கலைக்கழகம். அவர்கள் உங்கள் பாடத்தாள் ஒவ்வொன்றையும் தங்கள் பாடத்தாளோடு வைத்துப் பார்ப்பார்கள். மாநில உயர்கல்வி மன்றம் 2023-இல் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, அதனால் இந்த ஒப்பீடு முன்பைவிடக் கொஞ்சம் சுலபம்தான். ஆனாலும் தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் போக்கில் தாள்களை முன்னே பின்னே மாற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் நான்காவது செமஸ்டரில் எழுதிய தாள் அங்கே ஐந்தாவதில் இருக்கும், அங்கே மூன்றாவதில் முடித்த தாளை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள், அதைத் தனியாக எழுதச் சொல்வார்கள்.

சரி, என் கருத்தைக் கேட்டால், மூன்றாம் ஆண்டை இந்த அலைச்சலில் தொலைக்காதீர்கள். வரலாறு மாணவனுக்குப் பல்கலைக்கழகம் மாறும் வாசல் எம்.ஏ. அட்மிஷன்தான். அங்கே நீங்கள் எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறீர்கள் என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, பட்டமும் மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் போதும். இன்னும் ஓர் ஆண்டுதான், அதற்குள் என்ன செய்யலாம் என்று கீழே ஊத்தங்கரை மாணவிக்குச் சொல்லியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

கேள்வி: முதலாம் ஆண்டு முடியப் போகிறது. அப்பாவுக்கு திருப்பூரில் வேலை கிடைத்து குடும்பமே அங்கே போகிறது. நான் மட்டும் இங்கே தனியாக இருக்க வீட்டில் சம்மதிக்கவில்லை. எனக்கு மாறியே ஆக வேண்டும், என்ன செய்வது?
(ஒரு மாணவி, அரூர்)

பதில்: உங்கள் நிலைமை வேறு, உங்களுக்கு நேரமும் இருக்கிறது. திருப்பூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது, எனவே இது பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம்தான். ஆனால் இரண்டு செமஸ்டர்தான் முடிந்திருக்கிறது, கணக்கு இடிக்காது.

முதலில் டிசி வாங்கிவிடாதீர்கள். இதைத்தான் எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள். இங்கே டிசி வாங்கி, அங்கே இடம் இல்லை என்றால் நடுத்தெருதான். முதல் வேலை, திருப்பூரில் எந்தக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில் காலியிடம் இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்பது. யாராவது படிப்பை விட்டுப் போயிருந்தால்தான் காலியிடம் வரும், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். இடம் இருந்தால் அந்த முதல்வரிடம் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று எழுத்தில் வாங்குங்கள். அதைக் காட்டி உங்கள் முதல்வரிடம் தடையில்லாச் சான்று. அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாகவும் கடிதம் போகும். அதன் பிறகு புதிய பல்கலைக்கழகம் உங்கள் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தின் நகலையும் பார்த்து எந்தத் தாளை ஏற்பது, எதை மறுபடி எழுதச் சொல்வது என்று உத்தரவு போடும். கடைசியில்தான் டிசி, நடத்தைச் சான்று, பெரியார் பல்கலைக்கழகத்தின் மைக்ரேஷன் சான்றிதழ்.

பாடத்திட்ட நகல் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் அலகு அலகாக என்ன பாடம் என்று இருக்கும் முழு சிலபஸ், ஹெச்ஓடி, அதாவது துறைத் தலைவர், கையெழுத்தும் சீலும் போட்டு வேண்டும். ஃபைல் நின்று போவது பெரும்பாலும் இது இல்லாமல்தான். மூன்றாவது செமஸ்டர் தொடங்கும் முன்பே எல்லாம் முடிய வேண்டும், நடு ஆண்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவின் வேலை மாறியதற்கான கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும், காரணம் கேட்பார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது என்றால், புதிய கல்லூரியில் சேர்ந்த அன்றே அதற்கான பொறுப்பு ஆசிரியரைப் பார்த்து யுமிஸ் என்ற அரசின் மாணவர் விவர இணையப் பதிவில் கல்லூரியை மாற்றச் சொல்லுங்கள். பழைய கல்லூரி உங்களை அதிலிருந்து விடுவிக்காமல் புதிய கல்லூரியால் சேர்க்க முடியாது, நடுவில் பணம் நின்றுவிடும். தமிழ்ப் புதல்வன் வாங்கும் பையன்களுக்கும் இதே கதைதான்.

கேள்வி: ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே, அங்கே மாறினால் என்ன?
(ஒரு மாணவர், ஓசூர்)

பதில்: பஸ்ஸுக்குப் பக்கம்தான், படிப்புக்குத் தூரம். கர்நாடகத்தில் நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள், 2024-இல் மறுபடியும் மூன்றாண்டுக்கே திரும்பினார்கள், இந்தக் குழப்பத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கே எந்தத் தாள் எந்த செமஸ்டர் என்று தெளிவாக அதிக நாள் ஆயிற்று. நம் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே மாநில இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பகுதி ஒன்றில், அதாவது மொழிப்பாடத்தில், நீங்கள் எழுதிய தமிழுக்கு அங்கே எதை ஈடாக வைப்பது என்பது இன்னொரு தலைவலி. எம்.ஏ.வுக்குப் போங்கள், தாராளமாக.

கேள்வி: தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாண்டிச்சேரியோ ஹைதராபாத்தோ போய் எம்.ஏ. படிக்க ஆசை. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அங்கெல்லாம் இடம் உண்டா? இந்த ஓர் ஆண்டில் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு மாணவி, ஊத்தங்கரை)

பதில்: உண்டு. ஆனால் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்: பாண்டிச்சேரி, ஹைதராபாத், ஜேஎன்யு, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் சியுஇடி பிஜி என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வுதான் வழி. பிளஸ் டூ முடித்தவர்களுக்கான சியுஇடியைத் தமிழிலும் எழுதலாம். பிஜி வரலாறு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது. அநியாயம்தான், ஆனால் இந்த ஆண்டு நீங்கள் எழுதப் போவது அதைத்தான். 2025-இல் 75 கேள்விகள், 90 நிமிடம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழித்தார்கள். விண்ணப்பம் குளிர்காலத்தில் வந்துவிடும், தேர்வு மார்ச் வாக்கில். கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு எப்போதோ மூடியிருக்கும், நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது இந்தத் தேதியில்தான்.

எல்லாம் கொள்குறி வகைக் கேள்வி என்பதால் கட்டுரை எழுதும் ஆங்கிலம் தேவையில்லை, படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் போதும். அதற்கு வழி இருக்கிறது. என்சிஇஆர்டி பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகங்களை ஆங்கிலத்தில் எடுங்கள், இணையத்தில் இலவசம். தெரிந்த விஷயத்தை, அதாவது நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்து முடித்த மௌரியர், விஜயநகரம், காலனி ஆட்சிப் பகுதிகளை, முதலில் படியுங்கள், விஷயம் தெரிந்திருந்தால் மொழி பின்னாலேயே வந்துவிடும். அரை மணி நேரம் ஆகிற பக்கம் தீபாவளிக்குள் பத்து நிமிடத்துக்கு வந்துவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். தமிழ் வழி என்பதை ஒரு குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். வரலாறு வேறு பாடம் மாதிரி இல்லை, இங்கே மூல ஆதாரத்தைப் படிக்கத் தெரிந்தவன்தான் ராஜா. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வரிசையாக நடுகல் நிற்கிறதே, பல்லவர் காலம் தொட்டு வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் எழுதியது, இன்ன ஊர் ஆநிரையை மீட்கப் போய் இன்னார் பட்டான் என்று. டெல்லியில் ஆங்கிலத்தில் கரைத்துக் குடித்து வந்த பிள்ளைக்கு அந்தக் கல்லில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நீங்கள் மூன்று மாதம் உட்கார்ந்தால் வட்டெழுத்து பழகிவிடும், வாக்கியம் தமிழ்தான் என்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது. எம்.ஏ. முடித்து ஆராய்ச்சிக்கு வரும்போது இதற்கு என்ன விலை என்று அப்போது தெரியும்.

உங்கள் பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளிக்கு அருகே மயிலாடும்பாறை. 2021 அகழாய்வில் அங்கே எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 வரை போகிறது, தமிழகத்தில் இரும்பு 4200 ஆண்டு பழையது என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். பிறகு 2025-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் முந்திக்கொண்டது, அது வேறு விஷயம். ஊத்தங்கரைக்குப் பக்கத்திலேயே சென்னானூரில் 2024-இல் அகழாய்வு நடந்தது. குழி வெட்டும்போது போய்ப் பார்த்தவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? அடுத்த முறை எங்காவது நடந்தால் ஹெச்ஓடியிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய் நில்லுங்கள்.

கல்வெட்டு, குழி எல்லாம் பிடிக்காது, நவீன வரலாறுதான் வேண்டும் என்றால் அதற்கும் நம் மாவட்டம் குறைந்ததில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை நிர்வாகத்துக்கு அனுப்பினார்கள், அவருக்கு உதவியாளர்கள் மன்றோ, மெக்லியோட், கிரஹாம், எல்லோரும் பட்டாளத்துக்காரர்கள். வயல் வயலாக அளந்து, ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் குடியானவனோடு நேரடியாக வரி பேசிய ரயத்துவாரி முறை இங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்த மன்றோதான் 1820-இல் சென்னை கவர்னர் ஆனார், முறை மாகாணம் முழுக்கப் பரவியது. தருமபுரியில் மன்றோ நினைவுத்தூண் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள், ஆனால் அது எதற்கு நிற்கிறது என்று நின்று யோசித்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்து அறிக்கைகள் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் அச்சாகியிருக்கின்றன, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சேலம் மாவட்டம் பற்றி லெ ஃபானு 1883-இல் எழுதிய மானுவலும் ரிச்சர்ட்ஸ் 1918-இல் எழுதிய கெசட்டியரும் பழைய புத்தகங்கள் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் பழக வேண்டும் என்றீர்களே, அதில் ஊத்தங்கரை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். சொந்த ஊரைப் பற்றி என்றால் கை தானாக அகராதியை எடுக்கும்.

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் இருக்கும் அல்லவா, அதை எல்லோரும் செய்கிற மாதிரி சீனியரிடம் வாங்கி அட்டை மாற்றிக் கொடுக்காமல், உங்கள் ஊரில் ஒரே ஒரு கோட்டை, ஒரே ஒரு ஏரி, இரண்டு மூன்று நடுகல், ஏதோ ஒன்றை எடுத்து இருபது பக்கம் உருப்படியாக எழுதுங்கள். நேர்காணல் இருக்கும் இடங்களில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள், உங்களுக்கும் பேச விஷயம் இருக்கும்.

கூடவே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போட்டு வையுங்கள். சென்னை, பாரதிதாசன், மதுரை காமராசர், நம் பெரியார், எல்லாவற்றிலும் எம்.ஏ. வரலாறு இருக்கிறது. சென்னையில் பண்டைய வரலாறும் தொல்லியலும் தனித் துறையாகவே உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்கிற பழக்கம் இப்போது பிள்ளைகளிடம் வந்திருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: என் மகள் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் வரலாறு எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறாள். எங்களிடம் எம்பிசி சான்றிதழ் இருக்கிறது. அது போதுமா? அப்புறம், வரலாறு படித்து என்ன வேலைக்குப் போவது என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.
(ஒரு தந்தை, காரிமங்கலம்)

பதில்: போதாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிசி, எம்பிசி என்ற பிரிவே கிடையாது, ஓபிசி 27 சதவீதம்தான். அதற்கு மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி, கிரீமி லேயர் (வசதி மிகுந்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். நடப்பு நிதியாண்டில் வாங்கியதைக் கேட்பார்கள், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு. போன வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு கவுன்சலிங்கில் முழித்தால் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். சம்பளம், விவசாய வருமானம் இரண்டையும் கிரீமி லேயர் கணக்கில் சேர்ப்பதில்லை, எனவே தோட்டத்து மாங்காய் வருமானத்தை நினைத்துப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

சொந்தக்காரர்களுக்கு: எம்.ஏ. முடித்து பி.எட். படித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், நெட் எழுதினால் கல்லூரி, தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி. எல்லாமே போட்டித் தேர்வு, எதுவும் உடனே கிடைக்காது, அதையும் சேர்த்தே மகளிடம் பேசுங்கள். இன்ஜினியரிங் முடித்து ஓசூர் கம்பெனி வாசலில் நிற்பவர்களிடம் இதே கேள்வியை அந்தச் சொந்தக்காரர்கள் கேட்கிறார்களா என்று மட்டும் தெரியவில்லை.

கேள்வி: நான் பிசிஏ இரண்டாம் ஆண்டு. வரலாற்றுக்கு மாற ஆசை. ஒரு அரியர் வேறு இருக்கிறது.
(ஒரு மாணவர், பாலக்கோடு)

பதில்: நடுவில் பாடம் மாற வேண்டாம். மாறினால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கச் சொல்வார்கள், இரண்டு வருடம் வீண். பிசிஏவை முடியுங்கள். எம்.ஏ. வரலாற்றுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன, அந்தந்த இடத்தின் அறிவிப்பில் தகுதி என்ற பகுதியை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த வரலாற்று மாணவனுக்கு இப்போது வேலையும் இருக்கிறது, ஓலைச்சுவடியிலிருந்து நில ஆவணம் வரை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அரியரை மட்டும் இந்த நவம்பரிலேயே எழுதி முடித்துவிடுங்கள். எம்.ஏ. சேரும்போது தற்காலிகச் சேர்க்கை கொடுத்து, இந்தத் தேதிக்குள் முழு மதிப்பெண் பட்டியலும் புரவிஷனல் என்ற தற்காலிகப் பட்டச் சான்றும் கொண்டு வா என்று கெடு வைப்பார்கள். அரியர் நிலுவையில் இருந்தால் புரவிஷனல் வராது, சேர்ந்த இடமும் போய்விடும், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும்.